கையிலிருந்து கைக்கு

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். அதுவும் முழுசாக இல்லை, ஆவணி மாதம் வரைக்கும். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்டவர்களுக்கு அந்தந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறேன். சண்டைக் காலம் என்றிருக்கிறேன். தம்பி பிறந்தான் என்றிருக்கிறேன். இரண்டும் பாதிப் பொய். ஒரு பொம்பளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றாள், அதனால் நின்றது. அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்கு எழுத வரும். இதை இன்னொருத்தர் கையால் எழுதி வாங்க இஷ்டமில்லை.

எங்கள் பெண்கள் பள்ளிக்கூடம் ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு மரக்கதவு. அந்த நாளில் பெண் குழந்தை தெருவில் தனியாக நடக்காது. பள்ளிக்கூடத்திலிருந்தே ஓர் ஆயா வந்து வீடு வீடாக நின்று பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு போவாள். சாயங்காலம் அதே மாதிரி வீடு வீடாக விட்டுவிட்டுப் போவாள். மற்றப் பள்ளிக்கூடத்து ஆயாக்கள் தெருமுனையில் நின்று குரல் கொடுப்பார்கள், பிள்ளைகள் ஓடி வரும். எங்கள் ஆயாவிடம் அது நடக்காது. வாசற்படியில் ஏறி நிற்பாள். அம்மா என் கையைப் பிடித்து அவள் கையில் கொடுக்க வேண்டும். நானாகக் குதித்து இறங்கினால், "உள்ளே போ. யாரு கொடுத்தா உன்னை?" என்று திருப்பி அனுப்புவாள். கை கைக்கு வந்த பிறகு சொல்லுவாள்:

"வாங்கிக்கிட்டேன். வெளக்கு வைக்கறதுக்குள்ள கொண்டாந்து கொடுப்பேன்."

சாயங்காலம் அதே படியில் என் கையை அம்மா கையில் வைத்து, "இந்தாங்கம்மா" என்பாள். அம்மா "வந்துச்சு" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் நகர மாட்டாள்.

ஒரு நாள் அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். அப்பாதான் வாசலுக்கு வந்தார். அப்பா அரிசி மில்லில் எடை போடுகிறவர். நாள் பூராவும் மூட்டையோடு நின்றுவிட்டு வந்த எரிச்சல் அவருக்கு.

"வந்துச்சு, வந்துச்சு, போ" என்றார்.

"உங்க கையிலேர்ந்து நான் வாங்கலீங்களே. கொடுத்தவங்க கையில கொடுத்துடறேன்."

"நான் பெத்த புள்ளையை எங்கிட்ட கொடுக்க மாட்டியா நீ?"

"பெத்தீங்க, யாரு இல்லேன்னா? கொடுக்கலியே."

பின்னால் எட்டுப் பெண்கள் வெயிலில் நின்று சிரிக்கிறார்கள். உள்ளேயிருந்து அம்மா, "வந்துச்சுடி மகராசி, போய்த் தொலை!" என்று கத்தினாள்.

"சத்தம் வந்துச்சும்மா, கை வரலையே" என்றாள் ஆயா.

கடைசியில் குளியலறைக் கதவைக் கொஞ்சம் திறந்து அம்மா ஈரக் கையை நீட்ட, அதில் ஆயா என் கையை வைத்து, "வந்துச்சு" வாங்கிக்கொண்டுதான் போனாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அப்பா அவளைத் திட்டினார். அம்மா திட்டவில்லை.

பார்க்க எப்படி இருப்பாள் என்று யாராவது கேட்டால் முகம் எனக்குச் சரியாக வராது. கைதான் வரும். அகலமான கை, காய்ந்த வரட்டி மாதிரி சொரசொரப்பு. திருவானைக்காவலிலிருந்து செருப்பில்லாமல் நடந்தே வருவாள். இடுப்பில் வெற்றிலைப் பை, அதற்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்து மரக்கதவின் சாவி. கதவு பூட்டித் திறப்பதும் அவள் வேலைதான். எழுத்து ஒன்றும் தெரியாது. ரிஜிஸ்தரில் எங்களுக்கு ஒரு பெயர் இருந்தது, அவளிடம் வேறு பெயர். கையை வைத்துப் பெயர். மரு இருந்தவள் மிளகு. விரல் நீளமாக இருந்தவள் வெண்டைக்காய். எனக்கு எப்போதும் உள்ளங்கை வியர்க்கும். நான் ஈரக்கை.

"ஏண்டி ஈரக்கை, காவேரியை உள்ளங்கையிலயே வச்சிருக்கியா? கோடைக்கு ஊருக்கே ஊத்தலாம் போலிருக்கே!"

சங்கிலி மாதிரி கை கோத்துத்தான் தெருவில் போவோம். நாலு வீட்டுக்கு ஒரு தரம் நின்று, கடைசிப் பெண் வரைக்கும் ஒவ்வொரு கையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு நடப்பாள்.

வெண்டைக்காய், சித்திரை வீதி அய்யங்கார் வீட்டுப் பெண். அந்த வீட்டு மாமிக்கு ஆயா தொடுவது பிடிக்கவில்லை.

"தொட்டுத்தான் அழைச்சுண்டு போகணுமா? வாயால கூப்பிட்டா அது வராதோ?"

"தொடாம வாங்கினா வாங்கின மாதிரி இல்லீங்க மாமி. சாயங்காலம் கொல்லைப்பக்கம் அழைச்சிட்டுப் போய் தலையோட தண்ணி ஊத்திடுங்க."

"தினமுமா ஊத்தறது? கொழந்தைக்கு ஜலதோஷம் பிடிச்சுக்கும்."

"அப்போ தொட்டா பரவாயில்லேன்னு நெனச்சுக்குங்க."

மாமி ஒரு மாதம் அந்தப் பெண்ணைத் தூணோரம் நிற்க வைத்து, பாவாடை நுனியைப் பிடித்துத்தான் தந்து வாங்கினாள். பிறகு அதுவும் விட்டுப்போய், தானே கையைப் பிடித்துக் கொடுத்தாள். "வந்துடுத்து" என்று அவள் பாஷையில் சொல்லுவாள். ஆயா அதை ஒத்துக்கொண்டாள்.

அவளுக்குப் பிள்ளை குட்டி உண்டா, புருஷன் இருந்தானா என்று எனக்குத் தெரியாது. இருந்து செத்தது என்று சிலர் சொன்னார்கள், இருந்ததே இல்லை என்று சிலர். அவளாகச் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

அவளை நான் வெறுத்த நாளும் உண்டு. சித்திரைத் தேருக்குக் கொடியேறின சமயம். தேர் பார்க்க வந்த பட்டிக்காட்டு ஜனம் வீதி வீதியாக அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் கோயில் யானை வந்தது, கூட்டம் ஒதுங்கினது, சங்கிலி அறுந்தது. நான் வேண்டுமென்றே கையை விட்டேன். வளையல்கடைக்குப் பின்னால் போய் நின்று ரப்பர் வளையல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயா நடு வீதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கிடைத்த பெண்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, "ஈரக்கை! ஈரக்கை!" என்று கூப்பிட்டாளாம். ஜனங்கள் பைத்தியம் என்று நினைத்தார்கள். வளையல்காரர்தான் என்னைக் கொண்டுபோய் விட்டார். அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. என் கையை வாங்கித் தடவிப் பார்த்தாள், அவ்வளவுதான். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

வீட்டு வாசலில் அம்மாவிடம் சொன்னாள்: "இன்னிக்கு இந்தக் கை கொஞ்ச நேரம் எங்கிட்ட இல்லேம்மா. அதைச் சொல்லாம கொடுக்கக் கூடாது. இந்தாங்க."

அம்மா கரண்டிக் காம்பால் என்னை அடித்தாள். "சொல்லாம இருந்தா என்ன குறைஞ்சு போயிடும் ஆயாவுக்கு?" என்று நான் அழுதுகொண்டே கேட்டேன். "அவ சொல்லுவான்னு தெரிஞ்சுதாண்டி உன்னை அனுப்பறேன்" என்றாள் அம்மா. அந்த வயசில் அது எனக்கு விளங்கவில்லை.

அந்த ஆவணியில்தான் செய்தி வந்தது.

ஊரெல்லாம் கலவரமாக இருந்த வருஷம். வெள்ளைக்கார சர்க்கார் தலைவர்களைப் பிடித்து ஜெயிலில் போட்டிருந்தது. திருச்சியில் பையன்கள் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்து கோஷம் போட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தையும் மூன்று நாள் மூடி வைத்தார்கள். அந்த மூன்று நாளுக்குள்தான், வடக்கே ஏதோ ஓர் ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் போலீஸ் புகுந்து சுட்டுவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பினது. பையன்கள் கூரைமேல் கொடி கட்டினார்களாம், இறங்கச் சொன்னதற்கு இறங்கவில்லையாம். எத்தனை பிள்ளைகள் போயின என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கொடி கட்டினவர்கள் மட்டும் இல்லை, வகுப்பில் உட்கார்ந்திருந்த சின்னதுகளும் போயின என்றார்கள்.

பேப்பரில் எவ்வளவு வந்தது, வாயில் எவ்வளவு வந்தது, எனக்குத் தெரியாது. ஊரே அதைத்தான் பேசினது. சுடச் சொன்னவன் வெள்ளைக்காரனா, நம் ஆளா? பையன்கள் செய்தது சரியா, தப்பா? எங்கள் வாசலிலும் அப்பாவும் மில் ஆட்களும் நின்று அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆயா வந்தாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவள் எங்கள் தெருவுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

"ஏங்க, ஒண்ணு கேக்கணும். அந்த ஸ்கூல்ல புள்ளைங்களைக் கூட்டிட்டு வர ஆயா யாருங்க?"

அப்பா சிரித்தார். "ஊர் பத்தி எரியுது, இவ ஆயாவை விசாரிக்கறா! அதெல்லாம் பையன்க பள்ளிக்கூடம். தானா வரும்."

"தானா வந்துச்சு, சரி. வீட்டுக்கு எப்படிங்க போச்சு?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"யாரோ ஒருத்தர் கொண்டுட்டுப் போயிருப்பாங்கல்ல? வாசல்ல நின்னு என்ன சொல்லிக் கொடுத்திருப்பாங்க? அந்தம்மா என்ன சொல்லி வாங்கியிருப்பா?"

"போ ஆயா, போய் வேலையைப் பாரு" என்றார் அப்பா. குரலில் பழைய எரிச்சல் இல்லை.

மில் ஆள் ஒருவர் ஏதோ ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "போலீஸ் கதவை உடைச்செல்லாம் வரலை ஆயா. காவக்காரனைத் தொறக்கச் சொன்னாங்களாம், அவன் தொறந்துட்டானாம்" என்றார். அவருக்கும் யாரோ சொன்னதுதான்.

ஆயா இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "தொறக்கச் சொன்னா தொறக்கறதுதானேங்க அவன் வேலை. எனக்கும் அதானே வேலை" என்றாள்.

அந்த மூன்று நாளும் அவள் இதையே கேட்டுக்கொண்டு திரிந்தாள் என்று பிறகு தெரிந்தது. பேப்பர் படிக்கிற காபி கிளப் வாசலில் கேட்டாள். பெரிய டீச்சரம்மா வீட்டில் கேட்டாள். ஆறுதல் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. போனதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சொல்ல ஒரு வார்த்தை இருக்குமே, அது என்ன என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். யாருக்குத் தெரியும்?

நாலாம் நாள் பள்ளிக்கூடம் திறந்தது. எட்டு மணிக்கு ஆயா எங்கள் படியில் நின்றாள். வழக்கமாக எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் அவள் பின்னால் ஐந்து பெண்கள் இருப்பார்கள். அன்றைக்கு ஒருத்தியும் இல்லை.

நான் சிலேட்டும் பையுமாக நின்றேன். அம்மா என் கையைப் பிடித்து நீட்டினாள். ஆயா கையை நீட்டவில்லை. நடுவில் என் கை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"வாங்கிக்க ஆயா."

"வாங்கிக்கறேம்மா. கூட்டிட்டும் போறேன். வார்த்தைதான் வரலை."

"என்ன வரலை?"

"கொண்டாந்து கொடுப்பேன்னு சொல்ல வரலைம்மா."

அம்மா முதலில் சிரித்தாள். "ரங்கநாதர் காலடியில இருக்கோம். இங்க வந்து யாரு சுடப் போறா?"

"அந்த ஊர்லயும் ஏதாவது சாமி இருந்திருக்கும்மா."

"புள்ளை அழுவுது பாரு. சும்மா சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போயேன்."

"சும்மா ஒரு நாளும் சொன்னதில்லையேம்மா."

"சரி, நீ சொல்லவே வேணாம். பேசாம கூட்டிட்டுப் போ" என்று அம்மா என் கையை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். ஆயா மெதுவாகக் கையைக் கொண்டுவந்தாள். விரல் படுகிற நேரத்தில் அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அவளுக்கே அது எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும். என்னை மார்போடு சேர்த்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எப்படி அனுப்புவேன் ஆயா? நீதானே பழக்கி வச்சே? சொல்லாம அனுப்பினா ஒரேயடியா அனுப்பற மாதிரி இருக்கே!"

"ஆமாம்மா. நான்தான் பழக்கினேன்" என்றாள் ஆயா.

நான் கத்தினேன். "சொல்லு ஆயா! சொல்லு! நாளைக்கு வேணா சொல்லாதே, இன்னிக்குச் சொல்லு!" அன்றைக்கு எங்களுக்கு மூன்றாம் வகுப்புப் பாடத்தில் புதுப் பாட்டு ஆரம்பிப்பதாக டீச்சர் சொல்லியிருந்தார். ஆயா என்னைப் பார்த்தாள். வாய் திறந்தது. எனக்காக அந்தப் பொய்யைச் சொல்லிப் பார்த்தாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். காற்றுதான் வந்தது. படியிறங்கிப் போய்விட்டாள்.

எல்லா வாசலிலும் இதுதான் நடந்திருக்கிறது. அய்யங்கார் வீட்டு மாமி, "சொல்லிடேண்டி. தொடவே விட்டேனே நான், ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?" என்று கெஞ்சினாளாம்.

ஒரு வாரத்துக்கும் மேலே ஆயா வந்தாள். ஒவ்வொரு படியாக நின்று, கதவு திறக்கக் காத்திருந்து, அடுத்த வீட்டுக்குப் போவாள். பிறகு பெரிய டீச்சரம்மா சாவியை வாங்கிக்கொண்டு வேறு ஆயாவைப் போட்டார். புது ஆயா கலகலப்பானவள். தெருமுனையிலிருந்தே, "அனுப்புங்கம்மா, எல்லாம் நான் பார்த்துக்கறேன்!" என்று பாட்டுப் பாடுகிற மாதிரி கத்துவாள். சில பேர் அனுப்பினார்கள். அம்மா அனுப்பவில்லை. அப்பா, "மூணாவது போதும், கடுதாசி படிக்கத் தெரிஞ்சா சரி" என்றார். நிறுத்துவதற்கு அவர் முன்னமேயே ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவ்வளவு பாவத்தையும் அவள் தலையில் கட்டினால் எனக்கு அடுக்காது.

எங்கள் ஊரில் யாரும் சுடவில்லை. அந்த வருஷமும் இல்லை, பிறகும் இல்லை. போன பெண்கள் எல்லாரும் சாயங்காலம் திரும்பி வந்தார்கள். வெண்டைக்காய் எட்டாவது வரைக்கும் படித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் போவதைப் பார்க்கும்போதெல்லாம் ஆயாவை மனசுக்குள் வைவேன். இப்போது டிவியில் ஏதோ ஒரு தேசத்தில் பள்ளிக்கூடத்தில் சுட்டுவிட்டார்கள் என்று வருகிறது. ஒரு தரம் வந்து நிற்பதாகவும் இல்லை. யார் சுட்டான், ஏன் சுட்டான் என்று அலசுகிறார்கள். எனக்கு வாயில் வருவது அவள் கேள்விதான். வீட்டுக்கு எப்படிப் போச்சு? பதில் இன்னும் எனக்குத் தெரியாது.

கடைசியாக அவளைப் பார்த்தது எனக்குக் கல்யாணம் ஆன மறு வருஷம், ஆடிப்பெருக்கு அன்றைக்கு. காவேரிக்கரையில், அம்மா மண்டபத்துப் படித்துறையில் நெருக்கிக்கொண்டு நின்ற கூட்டத்தில் ஒரு கிழவி வழுக்கப் பார்த்தாள். கையைப் பிடித்தேன். இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. என் உள்ளங்கையைக் கட்டை விரலால் ஒரு தடவு தடவினாள்.

"ஈரக்கை" என்றாள்.

எத்தனையோ வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "ஒரு வார்த்தைதானே ஆயா. சொல்லியிருக்கலாமே. நான் படிச்சிருப்பேனே."

"படிச்சிருப்பே."

"ஒண்ணும் ஆகலையே. எல்லாரும் திரும்பி வந்தாங்களே."

"வந்தாங்க. சொல்லியிருந்தாலும் வந்திருப்பீங்க, சொல்லாட்டியும் வந்திருப்பீங்க. அது எனக்குத் தெரிஞ்சு போச்சே! நான் சொல்றதுக்கும் நீங்க வர்றதுக்கும் சம்பந்தமே இல்லேடி. நான் என்னமோ நம்மாலதான்னு அத்தனை வருஷம் சொல்லிட்டிருந்தேன்."

மேலே மழை மோடம் போட்டிருந்தது. "வாங்க ஆயா, வீட்டுல கொண்டுபோய் விடறேன்" என்றேன்.

"கூட்டிட்டுப் போ. வார்த்தை மட்டும் சொல்லிடாதே."

சொல்லவில்லை. திருவானைக்காவல் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கோயில் மதிலுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த ஒற்றை அறை. கதவுக்குப் பூட்டு இல்லை, ஒரு கயிறு சுற்றியிருந்தது. அதை அவிழ்த்தேன். உள்ளே யாரும் இல்லை. கையை யாரிடம் கொடுப்பது? கதவுக் கட்டையில் அவள் விரல்களை எடுத்து வைத்தேன். தடவிக்கொண்டே உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"வந்துச்சு" என்று யாராவது சொன்னால் நான் கிளம்பலாம். மழை பிடித்துக்கொண்டது. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.